கடைமடை ஏரி

ஆறு என்று ஒன்று இருந்தால் அது கடலிலே போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்பது நம்முடைய மனத்தில் ஊறிப்போன எண்ணம். நதியைப் பெண்ணாகவும் சமுத்திரத்தை அவளுடைய நாயகனாகவும் பாவித்துப் பழகிய நாட்டில் வேறு விதமாக எண்ணுவதும் கடினமே. ஆனால் வட அமெரிக்காவின் மேற்கே, சியரா நெவாடா மலைத்தொடரைக் கடந்து கிழக்கே இறங்கினால், கடலைக் கண்ணாலும் காணாத ஆறுகள் ஓடுகிற பெரும் பிரதேசம் ஒன்று விரிந்து கிடக்கிறது. அங்கே மலைமேல் உருகிய பனி பள்ளத்தை நோக்கி ஓடிவந்து தேங்கி, வெயிலுக்கு ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடும். டிரக்கி என்ற ஆறு அத்தகையது. டாஹோ என்னும் மலை ஏரியிலே பிறந்து, சுமார் 190 கிலோமீட்டர் ஓடி, ரீனோ நகரத்தின் நடுவே புகுந்து வெளிப்பட்டு, பாலைவனத்தின் மத்தியில் உள்ள பிரமிட் ஏரியில் அது முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் வழியில்லை. நம்மவர்கள் கடைமடை என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் அதிகம் இராது. மேலே எவர் எந்த மதகைத் திறந்தாலும் மூடினாலும் அதன் பலன் கடைசியில் வந்து சேர்வது இங்கேதான்.

குளிர்காலத்துக் காலைப்பொழுதில் இந்த ஏரிக்கு வருகிறவர் இரண்டு வகையான மனிதர்களைக் காணலாம். கரையோரத்து இடுப்பளவு ஜலத்தில் ஏணிகளை ஊன்றி, அவற்றின் உச்சிப் படியில் கொக்கைப்போல நின்று தூண்டில் வீசுகிறவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு அப்பால், நீரின் நிறம் வெளிர்பச்சையிலிருந்து கருநீலமாக மாறுகிற ஆழத்தின் விளிம்பை ஒட்டி, ஒற்றை ஆள் மட்டுமே உட்காரக்கூடிய குறுகலான கயாக் படகில் துடுப்பு வலித்தபடி, தூண்டிலைப் பின்னால் மெல்ல இழுத்துக்கொண்டு போகிறவர்கள் மற்றொரு வகை. இருசாராரும் தேடுவது ஒரே மீனைத்தான். டிரௌட் இனத்தைச் சேர்ந்த அந்த மீன் இந்த ஏரியிலிருந்து ஒரு முறை அடியோடு அற்றுப்போய், நெடுங்காலத்துக்குப் பின் திரும்பி வந்தது. அதனை அறுத்தது தூண்டிலும் அன்று, வலையும் அன்று. ஆற்றின் மேற்பகுதியில் கட்டப்பட்ட ஓர் அணை. அந்த விருத்தாந்தத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பனியுகத்தின் பிற்பகுதியில், இன்றைய நெவாடா மாகாணத்தின் வடமேற்குப் பாகத்தை லஹான்டன் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் பெயரிட்டிருக்கும் மாபெரும் ஏரி ஒன்று மூடிக் கிடந்தது. அதன் விஸ்தீரணம் 20,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். வெப்பம் ஏறி, மழை குறைந்து, அந்த ஏரி சுருங்கிச் சுருங்கி மறைந்தபோது மிஞ்சிய குட்டைகளில் பெரியது பிரமிட் ஏரி. குட்டை என்று நான் சொல்வது பழைய ஏரியோடு ஒப்பிட்டுத்தான். இன்றும் ஏறக்குறைய 480 சதுர கிலோமீட்டர் பரப்பும், நூறு மீட்டருக்கு மேற்பட்ட ஆழமும் அதற்கு உண்டு. வெளியேறும் வழி இல்லாமையால் தண்ணீர் உவர்ப்பு. கடலின் உப்பில் ஆறில் ஒரு பங்கு என்பார்கள். டிரௌட் என்பது பொதுவாகக் குளிர்ந்த, தெளிந்த, நல்ல தண்ணீரை விரும்புகிற ஜாதி. ஆயினும் பல்லாயிரம் ஆண்டுகளாக ஏரி சுருங்கச் சுருங்கத் தானும் அதற்கு இசைந்து பழகி, உவர்நீரிலும் உயிர்வாழக் கற்றுக்கொண்ட ஒரு கிளை இங்கே உருவாயிற்று. தாடைக்கு அடியில் கத்தியால் கீறியதுபோல ஒரு சிவப்புக் கோடு ஓடுவதால், கழுத்தறுபட்ட மீன் என்ற பொருளில் ஆங்கிலத்தில் அதற்குப் பெயர். லஹான்டன் கட்த்ரோட் என்பது முழுப்பெயர். பரந்த ஏரியில் சிறு மீன்களைத் துரத்தித் தின்று வாழ்ந்த காரணத்தால், மலையோடைகளில் ஒரு சாண் வளர்வதற்கே பாடுபடுகிற தன் சுற்றத்தாரைப் போலன்றி, இது ஒரு குழந்தையின் எடைக்கும் அதற்கு மேலும் வளர்ந்தது. முட்டையிடும் பருவத்தில் மட்டும் அது ஏரியை விட்டு டிரக்கி ஆற்றில் ஏறியாக வேண்டும். ஓடும் நன்னீரிலே, கூழாங்கற்களின் இடுக்கிலேதான் அதன் முட்டை பொரியும். இந்த ஒரு நிர்ப்பந்தம் பின்னால் அதன் தலைவிதியாயிற்று.

ஏரிக்கரையில் வாழ்ந்த, இன்றும் வாழ்கிற மக்கள் வடக்குப் பையூட் இனத்தவர். அவர்களில் இந்த ஏரியைச் சேர்ந்தவர்களைச் சுற்றியிருந்த கூட்டத்தார் அழைத்த பெயருக்குக் குயி-உயி தின்போர் என்று பொருள். குயி-உயி என்பது வேறொரு மீன்; உறிஞ்சுவது போன்ற வாயை உடையது; நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழ்வது; உலகத்தில் இந்த ஏரியைத் தவிர வேறெங்கும் இல்லாதது. ஊரின் பெயரால் மனிதரை அறிவது நம் வழக்கம். அவர்களோ எந்த மீனைத் தின்கிறார்கள் என்பதைக் கொண்டு ஒரு கூட்டத்தை அறிந்தார்கள். ஆற்றில் மீன் ஏறும் காலம் வந்தால் அக்கம்பக்கத்துக் கூட்டங்களும் வந்து குவியும். ஆற்றின் குறுக்கே கழிகளால் அடைப்புக் கட்டுவதும், அடைப்பின்மேல் பரண் அமைத்து அதில் நின்று எறியுளியால் குத்துவதும், நார்க் கயிற்றால் பின்னிய வலைகளை வீசுவதும், பிடித்ததைப் பிளந்து காற்றில் உலர்த்திக் கருவாடாக்கிப் பனிக்காலத்துக்குச் சேமிப்பதும் அவர்களுடைய கிரமம்.

அவர்களுக்குப் படகும் இருந்தது. நம் குளங்களில் வளரும் கோரைக்கு உறவான ஒரு நெடுங்கோரை அந்தச் சதுப்புகளில் செழித்து வளரும். அதை அறுத்துக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, முனைகளை நிமிர்த்திக் கட்டிவிட்டால் ஓர் ஆளைத் தாங்கும் தெப்பம் கிடைத்துவிடும். இன்று அதே நீரில் மிதக்கிற கயாக்கோ இந்த மண்ணுக்கு அந்நியமானது. வடதுருவத்தை அடுத்த பனிக்கடல் ஓரத்தில், மிதந்துவந்த மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாயின் தோலை இழுத்துத் தைத்து, அந்தக் கடல்நாயையே வேட்டையாடப் போன இன்யூட் மக்களின் படைப்பு அது. 1907-இல் ஜெர்மனியின் ரோசன்ஹைம் என்ற ஊரில் தையற்காரராக இருந்த கிளெப்பர், ஒரு மாணவர் வகுத்த அமைப்பை வாங்கி, மடித்துப் பையில் வைத்து ரயிலில் கொண்டுபோகத்தக்க துணிக் கயாக்குகளைச் செய்து விற்கத் தொடங்கினார். வயிற்றுப்பாட்டுக்கான கருவி அதன்பின் விடுமுறைக்காரரின் பொழுதுபோக்காக மாறிற்று. 1970-களில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் வந்து அதை எல்லா ஏரிகளுக்கும் பரப்பியது. கோரைத் தெப்பமும் கயாக்கும் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. ஆயினும் நீர்மட்டத்தோடு நீர்மட்டமாகத் தனி ஒருவன் உட்கார்ந்து, ஓசையில்லாமல் மீனை அணுகுவதற்கு உகந்த உருவம் எது என்ற கேள்விக்கு இரண்டு ஜனங்களும் ஏறத்தாழ ஒரே விடையைக் கண்டார்கள்.

1844-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி, ஐக்கிய அமெரிக்கப் படையைச் சேர்ந்த ஜான் சார்லஸ் பிரீமாண்ட் என்ற அதிகாரி, குதிரைகளும் களைத்து, ஒரு பீரங்கியையும் மலைமேடெல்லாம் இழுத்துக்கொண்டு, பசிபிக் கடலை நோக்கி ஓடுவதாகக் கதைக்கப்பட்ட ஓர் ஆற்றைத் தேடி வந்துகொண்டிருந்தார். அப்படி ஓர் ஆறு இல்லவே இல்லை. அதற்குப் பதிலாக அவர் கண்டது இந்த ஏரியை. நீரிலிருந்து கூம்பாக எழுந்து நின்ற ஒரு சுண்ணக்கல் பாறை எகிப்து தேசத்துச் சமாதிக் கோபுரத்தை அவருக்கு நினைவூட்டவே, ஏரிக்குப் பிரமிட் என்ற பெயரை வைத்தார். பக்கத்திலேயே, கூடையை அருகில் வைத்துக்கொண்டு முக்காடிட்டுக் குந்தியிருக்கும் ஸ்திரீயைப் போன்ற மற்றொரு பாறையும் உண்டு. பிரிந்துபோன தன் மக்களை எண்ணி அழுத அந்தத் தாயின் கண்ணீரே இந்த ஏரி என்பது பையூட் மக்களின் ஐதிகம். உவர்ப்பான ஏரிக்கு இதைவிடத் தகுந்த காரணம் எந்தச் சாஸ்திரியும் சொல்லவில்லை. ஆனால் தேசப்படத்தில் ஏறியது எகிப்துதான். ஆற்றின் முகத்துவாரத்தில் பையூட்டுகள் பிரீமாண்டின் கூட்டத்தாருக்கு வயிறு நிறைய டிரௌட் மீன் கொடுத்து உபசரித்தார்கள். இரண்டடி முதல் நான்கடி வரை நீளமுள்ள மீன்கள் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். உபசாரத்தின் நன்றியாக ஆற்றுக்கும் அந்த மீனின் பெயரையே சூட்டினார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை.

பதினைந்தே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 1859-இல் தெற்கே காம்ஸ்டாக் என்ற இடத்தில் வெள்ளிச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டதும், ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மலை தாண்டி வந்து விழுந்தார்கள். பையூட்டுகளின் விதைகளை அவர்களுடைய மாடுகள் மேய்ந்தன. பையூட்டுகளின் மரங்களை அவர்களுடைய கோடரிகள் சாய்த்தன. 1860 மே மாதத்தில், கார்சன் ஆற்றங்கரையில் ஒரு விடுதியை நடத்தியவர்கள் இரண்டு பையூட் சிறுமிகளைக் கடத்தி ஒளித்துவைத்தனர். சிறுமிகளை மீட்டவர்கள் அங்கிருந்தவர்களைக் கொன்று விடுதியைக் கொளுத்தினர். போர் வேண்டாம் என்று பட்டினி கிடந்து வாதாடிக்கொண்டிருந்த நூமாகா என்ற தலைவரே, செய்தி எட்டியபின் வேறு வழியின்றிப் போரை நடத்தவேண்டியவரானார். ஆர்ம்ஸ்பி என்பவரின் கீழ்த் திரண்டுவந்த 105 தொண்டர்களில் 76 பேர் மே 12-ஆம் தேதி ஏரிக்கு அருகே மாண்டனர். ஜூன் மாதத்தில் பெரும்படை வந்தது; பையூட்டுகள் விலகிப் போயினர். ஆயினும் ஏரியும் அதைச் சுற்றிய நிலமும் அவர்களுக்கென்று 1859-இலேயே ஒதுக்கப்பட்டிருந்தன. 1874-இல் ஜனாதிபதி கிராண்ட் ஆணையிட்டு அதை உறுதிப்படுத்தினார். அந்த ஆணையில் நிலம் இருந்தது, ஏரி இருந்தது. ஏரிக்குள் வந்து விழவேண்டிய ஆற்றுத் தண்ணீர் யாருடையது என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அந்த மௌனத்திற்கு விலை கொடுத்து முடிய நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

1868-இல் ரயில் பாதை ரீனோவுக்கு வந்தது. ஏரி மீன் சந்தைச் சரக்காயிற்று. பையூட்டுகள் பிடித்தும், அவர்களுடைய எல்லைக்குள் அத்துமீறிக் குடியேறியவர்கள் பிடித்தும், பனிக்கட்டியில் வைத்துச் சான் பிரான்சிஸ்கோ வரை அனுப்பினார்கள். 1873 முதல் 1922 வரை ஆண்டுக்கு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் பவுண்டு வரை மீன் ஏற்றப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள். மேலே மரம் அறுக்கும் ஆலைகள் மரத்தூளை ஆற்றில் கொட்டி, முட்டையிடும் இடங்களை மூடின. இவ்வளவையும் அந்த மீன் தாங்கிக்கொண்டது என்பதே ஆச்சரியம்.

அது தாங்கமுடியாமற் போனது 1905-இல். பிரான்சிஸ் நியூலாண்ட்ஸ் என்ற நெவாடாப் பிரதிநிதி, மேற்கத்திப் பாலைநிலங்களை அரசாங்கப் பணத்தில் பாசன நிலங்களாக்கச் சட்டம் ஒன்றை முன்னின்று நிறைவேற்றினார். அதற்கு அவர்கள் இட்ட பெயர் மீட்பு. யாரிடமிருந்து யார் எதை மீட்டார்கள் என்று கேட்கிற துணிவு அன்றைக்கு எவருக்கும் எழவில்லை. பாலையைப் பசுமையாக்குவது புண்ணிய காரியம் என்று மெய்யாகவே நம்பினார்கள். சட்டம் கையெழுத்தான 1902 ஜூன் 17-ஆம் தேதிக்குச் சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, அதே தேதியில், ரீனோவுக்குக் கீழே டிரக்கி ஆற்றின் குறுக்கே டெர்பி அணையைத் திறந்துவைத்தார்கள். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு வாய்க்கால். அது ஆற்று நீரை வேறொரு படுகைக்கே, கார்சன் ஆற்றுப் பக்கத்துக்கே, கொண்டுபோயிற்று. ஃபாலன் என்ற ஊரைச் சுற்றிக் குதிரைமசாலும் முலாம்பழமும் விளைந்தன. உழைத்தவர்கள் ஏழைக் குடியானவர்கள்தாம். அவர்கள்மேல் கோபிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆற்றில் ஏறத்தாழப் பாதி அங்கே போய்விட்டது. வெயிலோ ஆண்டுதோறும் ஏரியிலிருந்து நான்கடி உயர நீரைக் குடித்துக்கொண்டே இருந்தது. வரவு பாதி, செலவு முழுமை என்றால் எந்தக் குடும்பந்தான் நிலைக்கும்?

ஏரி இறங்கிற்று. அதன் உபரிநீரால் நிரம்பிவந்த வின்னமக்கா என்ற அண்டை ஏரி 1930-களின் இறுதிக்குள் முற்றிலும் வற்றிப்போயிற்று. அங்கே வந்து தங்கும் பறவைகளுக்காக அரசாங்கம் 1936-இல் அதைச் சரணாலயமாக அறிவித்தது. இல்லாத ஏரிக்குச் சரணாலயம் எதற்கு என்று 1962-இல் அறிவிப்பை ரத்து செய்தார்கள். பிரமிட் ஏரியோ 1960-களின் பிற்பகுதிக்குள் ஏறக்குறைய 80 அடி தாழ்ந்து, கூழைக்கடாக்கள் கூடுகட்டும் அனாஹோ தீவு கரையோடு ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. முகத்துவாரத்தில் வண்டல் பரந்து திட்டாகி, ஆறு அதன்மேல் விரல் ஆழத்துக்கு வழிந்தது. ஆற்றில் ஏறவந்த பெருமீன்கள் அந்த மணல்திட்டின்முன் திகைத்து நின்று திரும்பின.

குரூரம் என்னவென்றால், அழிகிற காலத்தில்தான் அந்த மீனின் கீர்த்தி உச்சத்துக்குப் போயிற்று. இளமீன் சேரச் சேர ஏரியில் சராசரி எடை குறையும். சேராமல் நின்றுவிட்டால் எஞ்சியவை கிழடாகிப் பருத்துக்கொண்டே போகும். 1925 டிசம்பரில் ஜான் ஸ்கிம்மர்ஹார்ன் என்ற பையூட் இனத்தவர் பிடித்த மீன் 41 பவுண்டு இருந்தது. அந்த இனத்துக்கு அதுவே இன்றளவும் உலகத்தின் உச்சம். கடைசியாக ஆற்றில் மீன் ஏறியது 1938-இல். அவற்றின் சராசரி எடை 20 பவுண்டு. அப்படிப்பட்ட மீன்களைக் கண்டவர்கள் வளம் என்று மகிழ்ந்திருப்பார்கள். அவை வாரிசில்லாத கிழவர்கள் என்பது யாருக்குப் புலப்பட்டிருக்கும்? 1940-களின் முற்பகுதிக்குள் ஏரியில் ஒன்றும் எஞ்சவில்லை.

இனி வழக்கு. மாண்டானாவில் மில்க் என்ற ஆற்றைப் பற்றிய வழக்கொன்றில், சுதேசிகளுக்கு நிலம் ஒதுக்கினால் அதற்கு வேண்டிய நீரும் சொல்லாமலே ஒதுக்கப்பட்டதாக ஆகும் என்று உச்ச நியாயஸ்தலம் 1908-இலேயே தீர்ப்பளித்திருந்தது. அதை நம்பி நடந்த டிரக்கி ஆற்று வழக்கு 1944-இல் முடிந்தபோது, பையூட்டுகளுக்கு அவர்கள் பயிரிடாத வயல்களுக்காகத் தண்ணீர் கிடைத்தது. அவர்கள் நம்பி வாழ்ந்த மீனுக்காக ஒரு சொட்டும் கிடைக்கவில்லை. அவர்கள் சார்பாக வாதாடிய அரசாங்கமே அணையையும் கட்டிய அரசாங்கம் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. இதற்கிடையில் விவாகரத்துக்கு எளிய சட்டமுள்ள நெவாடாவுக்கு அதன்பொருட்டு வந்த லீப்ளிங் என்ற பத்திரிகையாளர், பொழுதுபோகாமல் ஏரியை விசாரிக்கத் தொடங்கி, 1955-இல் நியூயார்க்கர் பத்திரிகையில் அதைப் பற்றித் தொடர் எழுதினார். அடுத்த ஆண்டே அதே காரியத்துக்காக வந்து இதே கரையில் தங்கினார் நாடகாசிரியர் ஆர்தர் மில்லர். ஏரியைப் பற்றிய தேசத்தின் அக்கறை பிரிந்துபோகும் தம்பதிகளின் வழியாக வந்தது என்பதை அந்தக் கல் தாய் ரசித்திருக்கக்கூடும்.

குயி-உயி அழியும் தறுவாயிலுள்ள உயிர் என்று 1967-இல் சட்டப் பட்டியலில் ஏறியதும் பையூட்டுகளுக்குப் புதியதோர் ஆயுதம் கிடைத்தது. 1972-இல் வாஷிங்டன் நியாயஸ்தலத்தில் அவர்களே தொடுத்த வழக்கில், வேறெவருக்கும் கட்டுப்படாத தண்ணீரை ஏரிக்கு அனுப்பவேண்டியது அரசாங்கத்தின் கடமை என்று நீதிபதி கெசல் தீர்ப்பளித்தார். 1983-இல் உச்ச நியாயஸ்தலம் 1944-ஆம் ஆண்டின் பழைய தீர்ப்பைத் திருத்த மறுத்தது. ஆயினும் ஸ்டாம்பீட் என்ற அணையின் நீர் மீன்களுக்கென்றே திறக்கப்பட்டது. 1990-இல் சமரசச் சட்டமும் பிறந்தது. ஏரி மெல்ல ஏறத் தொடங்கிற்று.

தண்ணீர் வந்தது, ஆனால் மீன்? 1950-களிலிருந்து பிற ஏரிகளின் இனங்களைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள். அவை வாழ்ந்தன, பழைய மீனின் வளர்த்தி மட்டும் வரவில்லை. 1977-இல், கிழக்கே வெகுதூரத்தில், யூட்டா எல்லையிலுள்ள பைலட் என்ற மலையின் ஒரு சிற்றோடையில், தாண்டிப்போகும் அளவே அகலமுள்ள நீரில், ஒரு சாணுக்கு மேல் வளராத சில டிரௌட்டுகள் தென்பட்டன. ராபர்ட் பென்கி என்ற மீனியல் அறிஞர் அவற்றைப் பிரமிட் ஏரியின் பழைய வம்சம் என்றார். அருங்காட்சியகத்தில் காய்ந்துகிடந்த பழைய மீன்களின் மரபணுவோடு ஒப்பிட்டபின் ஐயம் பெரும்பாலும் தீர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரோ ஒருவர் குஞ்சுகளைப் பாத்திரத்தில் சுமந்துபோய் அங்கே விட்டிருக்க வேண்டும். பெயர் தெரியாத அந்த மனிதருக்குச் சிலை கிடையாது; நியூலாண்ட்ஸின் பெயரில் ஒரு பாசனத் திட்டமே இருக்கிறது. அந்த ஓடையின் வம்சத்தை 1995 முதல் பண்ணையில் வளர்த்து, 2006-இல் ஏரிக்குள் விட்டார்கள். ஓடையில் ஒரு சாணாக இருந்த அதே ஜாதி, ஏரியில் ஏழெட்டு ஆண்டுகளுக்குள் 20 பவுண்டைத் தாண்டியது. 2014-இல் அது டிரக்கி ஆற்றில் ஏறி முட்டையிட்டது. இடையில் கழிந்தவை 76 ஆண்டுகள்.

இப்போது கயாக்கோடு அங்கே போக நினைப்பவருக்கு இரண்டு விஷயங்களைச் சொல்லவேண்டும். ஒன்று, காற்று: கண்ணாடிபோலக் கிடக்கும் ஏரி, மேற்கு மலைகளிலிருந்து காற்று இறங்கிய சில நிமிஷங்களில் ஆளுயர அலை எழுப்பும், ஒதுங்கக் கரை தொலைவு, குளிர்காலத்து நீரோ கைகால்களை விறைக்கச் செய்யும். மரத்தின் நிழல்கூட இல்லாத அந்தக் கரையில் மலையுச்சியின் மேகத்தைப் பார்த்துத் துடுப்பைத் தொடுவதே நல்லது. மற்றொன்று, உரிமை: மீன்பிடிக்கும் பருவம் அக்டோபர் முதல் தேதி தொடங்கி ஜூன் முடிவு வரை, எந்த அளவு மீனை வைத்துக்கொள்ளலாம், எதைத் திருப்பி விடவேண்டும், எந்தக் கரையில் இறங்கலாம் என்ற விதிகளை வகுப்பது நெவாடா அரசாங்கம் அன்று. அனுமதிச் சீட்டு பையூட் மக்களின் சபையுடையது. அதன் கட்டணமும் அவர்களுக்கே சேரும்.